கல்லூரி மன்றங்களில் பொறுப்புக்கு வந்திருக்கும் மாணவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வியாண்டு தொடங்கிக் கொஞ்ச நாளில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மன்றங்களுக்குப் புதிய பொறுப்பாளர்கள் வருவார்கள். குத்துவிளக்கு ஏற்றுவார்கள், சட்டையில் பேட்ஜ் குத்துவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள். மறுநாள் காலையில் "சரி, இப்போது என்ன செய்வது?" என்ற கேள்வி வந்து நிற்கும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு துறை மன்றத்தின் செயலாளராக இருந்தேன். ஆசிரியரான பிறகு பல ஆண்டுகள் மன்றப் பொறுப்பாசிரியர் வேலையும் நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) அலுவலர் வேலையும் பார்த்தேன். என் அறைக்கு வந்த மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். துறை அசோசியேஷன், தமிழ் மன்றம், என்.எஸ்.எஸ்., ரோட்டராக்ட், செஞ்சுருள் சங்கம் என்று எதில் நீங்கள் இருந்தாலும் இதில் பெரும்பாலானவை பொருந்தும்.

எனக்கு மேடையில் பேச வராது. நல்ல மார்க் எடுக்கிறேன் என்பதற்காகச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். நான் இதற்குச் சரியான ஆளா?

சரியான ஆளாக ஆக முடியும். நன்றாகப் பேசுகிறவரைத் தலைவர் என்று நினைப்பது நம் ஊர்ப் பழக்கம். மன்ற வேலையில் பேச்சின் பங்கு மிகச் சிறியது. ஆண்டு முழுவதும் கூட்டினாலும் நீங்கள் மைக் முன்னால் நிற்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டாது. மற்ற நேரமெல்லாம் ஒவ்வொருவரிடமாகப் பேசுவது, அனுமதிக் கடிதம் எழுதுவது, ஞாபகப்படுத்துவது, அலுவலக வாசலில் காத்திருப்பது, பில் சேர்ப்பது என்றுதான் போகும். கூச்ச சுபாவம் உள்ள பல மாணவர்கள் இந்த வேலைகளைப் பிரமாதமாகச் செய்து நான் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் அவர்கள் மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அமெரிக்காவில் சூசன் கோமிவ்ஸ் என்ற பேராசிரியரும் அவரது குழுவும் மாணவத் தலைவர்கள் சிலரிடம் அவர்கள் வாழ்க்கையை விரிவாகக் கேட்டு, 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதில் அந்த மாணவர்களுக்குத் தலைவர் என்றால் வேறு யாரோ ஒரு பெரியவர். பிறகு பதவியில் இருப்பவர்தான் தலைவர் என்ற எண்ணம் வந்தது. அதையும் கடந்த சிலர், பதவி இல்லாதவரும் ஒரு குழுவை முன்னால் நகர்த்த முடியும், பதவியில் இருக்கும் தனக்கும் மற்றவர்கள் தேவை என்ற இடத்துக்கு வந்திருந்தார்கள். நம் ஊர் மாணவர்களிடமும் இதே ஏற்றத்தைப் பார்க்கிறேன். பேட்ஜ் குத்திய முதல் மாதத்தில் அநேகமாக எல்லோரும் அந்த நடுப்படியில்தான் நிற்பார்கள். அதில் தவறில்லை, அங்கேயே நின்றுவிடக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாப் பதில்களும் இதில்தான் நிற்கின்றன. அலுவலகத்தில் மேனேஜர் சொன்னால் வேலை நடப்பதற்குச் சம்பளம் ஒரு காரணம். வகுப்பில் ஆசிரியர் சொன்னால் நடப்பதற்கு இன்டர்னல் மார்க் ஒரு காரணம். உங்கள் கையில் இரண்டும் கிடையாது. உங்கள் குழுவில் உள்ள யாரும் நாளைக் காலையே "முடியாதுடா" என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போகலாம். போக முடிந்தவர்களை இருக்கவைத்து, சேர்ந்து ஒரு காரியத்தை முடிப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காத பயிற்சி. கல்லூரி மன்றங்களை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணமே இதுதான்.

முதல் மாதத்தில் என்ன செய்ய வேண்டும்?

பெரிய நிகழ்ச்சி எதையும் அறிவிக்காதீர்கள். போன ஆண்டு ஃபைலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். போன ஆண்டுச் செயலாளர் அக்காவோ அண்ணாவோ வேலைக்குப் போயிருந்தால் போனில் பிடித்து, எது சொதப்பியது, யார் உதவினார்கள் என்று கேளுங்கள். கல்லூரி நாட்காட்டியில் இன்டர்னல் தேர்வு, செய்முறைத் தேர்வு, தொடர் விடுமுறை எல்லாவற்றையும் குறித்துவிட்டு, மிஞ்சுகிற நாட்களை எண்ணுங்கள். ஒரு செமஸ்டரில் நிகழ்ச்சி நடத்த உண்மையில் கிடைக்கும் நாட்கள் எவ்வளவு குறைவு என்று தெரிந்தால் திட்டம் தானாகச் சுருங்கும்.

அப்புறம், குழுவில் உள்ள ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். வாட்ஸப் குரூப் தொடங்குவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். என்ன செய்யப் பிடிக்கும், எத்தனை மணிக்குப் பஸ், வீட்டில் என்ன நிலைமை, எந்தப் பாடத்தில் அரியர் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாலையில் பார்ட் டைம் வேலைக்குப் போகும் மாணவர் கூட்டத்துக்கு வராததை அலட்சியம் என்று நினைத்து ஓர் ஆண்டு முழுக்க முகம் கொடுக்காமல் இருந்த ஒரு தலைவரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து நிமிடம் கொடுத்திருந்தால் போதும்.

கூட்டத்தில் எல்லோரும் "செய்துவிடலாம்" என்கிறார்கள். பிறகு யாருமே செய்வதில்லை. ஏன்?

நீங்கள் வேலையைக் கூட்டத்திடம் கொடுத்திருக்கிறீர்கள், ஆளிடம் கொடுக்கவில்லை.

பிரான்ஸ் நாட்டின் வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் கயிறு இழுக்கும் சோதனைகளை நடத்தி 1913-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒருவர் தனியாக இழுக்கும்போது கொடுக்கும் பலத்தை, எட்டுப் பேராகச் சேர்ந்து இழுக்கும்போது அவர் கொடுப்பதில்லை. ஆளுக்கு ஏறக்குறையப் பாதிதான் வந்தது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் கொஞ்சம் பலம் வீணாகிறது. பக்கத்தில் இருப்பவர் இழுத்துக்கொள்வார் என்று கை தளர்வதால் இன்னும் கொஞ்சம் போகிறது.

ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். தேரோட்டத்தைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். வடம் பிடிப்பவர்கள் ஒரே நேரத்தில் இழுக்க யாரோ ஒருவர் குரல் கொடுக்கிறார். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுவதற்கென்று தனி ஆட்கள் இருக்கிறார்கள், தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். யார் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்பே தீர்மானம் ஆகியிருக்கிறது. அதனால்தான் தேர் நிலைக்கு வந்து சேர்கிறது.

ஆகவே "சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஐந்து பேரிடம் சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமை மாலைக்குள் மூன்று இடத்தில் விலை கேட்டு, 150 பேருக்கு என்ன ஆகும் என்று எனக்குச் சொல்" என்று ஒருவரிடம் சொல்லுங்கள். பெயர், வேலை, நாள் மூன்றும் இருக்க வேண்டும். உதவிக்கு அவரே இருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். இன்னொரு நுணுக்கம்: வேலையைக் கொடுக்கும்போது அதை முடிவு செய்யும் உரிமையையும் கொடுங்கள். போஸ்டர் வரையச் சொல்லிவிட்டு நிறத்தை மூன்று முறை மாற்றச் சொன்னால், நான்காவது முறை அந்த மாணவர் போனை எடுக்க மாட்டார்.

அதற்குப் பதில் எல்லாவற்றையும் நானே செய்வது எளிதாக இருக்கிறதே?

அக்டோபர் வரை எளிதாக இருக்கும். 1939-இல் குர்ட் லெவின், லிப்பிட், ஒயிட் ஆகிய மூவரும் பத்து வயதை ஒட்டிய சிறுவர்களின் சிறு குழுக்களை வைத்து ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து ஆணையிட்டார். இன்னொரு வகைத் தலைவர் சிறுவர்களோடு பேசி முடிவெடுத்தார். மூன்றாமவர் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார். ஆணையிடும் தலைவரின் குழு, அவர் அறையில் இருந்தவரை நன்றாக வேலை செய்தது. அவர் வெளியே போனதும் வேலை வெகுவாகக் குறைந்தது. பேசி முடிவெடுத்த குழு, தலைவர் இல்லாதபோதும் தொடர்ந்து செய்தது.

நீங்களும் ஒரு நாள் காய்ச்சலில் படுப்பீர்கள், பிளேஸ்மென்ட் இன்டர்வியூவுக்கு வெளியூர் போவீர்கள். அன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஆண்டின் உண்மையான மார்க் அதுதான் என்பேன்.

பணத்தை எப்படிக் கையாள்வது?

மன்றங்களில் நட்பு முறிவதற்கு நான் பார்த்த முதல் காரணம் பணம். திருட்டு மிக அரிது. கணக்கு எழுதாததுதான் எப்போதும் நடப்பது.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் எங்கள் துறை சிம்போசியத்துக்கு மைக் செட், பந்தல், சாப்பாடு என்று நான்தான் ஓடினேன். கையில் இருந்த பணத்தைக் கொடுத்துக்கொண்டே போனேன். பில்லை எல்லாம் சட்டைப் பையில் வைத்திருந்தேன், சட்டை துவைக்கப் போய்விட்டது. கடைசியில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கணக்கு இல்லை. எங்கள் பொருளாளர் என்னைச் சந்தேகப்படவே இல்லை, ஆனால் அவர் கையெழுத்துப் போட வேண்டிய கணக்கு அது. இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் வாங்கி அந்தப் பணத்தைக் கட்டினேன். பணம் போனதைவிட, அவரை அந்த நிலைக்குத் தள்ளினேனே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

அதனால் என் மாணவர்களிடம் கண்டிப்பாக இருந்தது இந்த ஒரு விஷயத்தில்தான். செலவு செய்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பில் கையில் வந்த உடனே போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட வேண்டும். பில் தராத சின்னக் கடை, ஆட்டோ, சுமைகூலி போன்றவற்றுக்கு ஒரு வவுச்சர் புத்தகம் வைத்து, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இப்போது புதிதாக ஒரு சிக்கல் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணத்தை யாரோ ஒரு மாணவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார்கள். 200 பேர் அனுப்பிய பணம் அவர் வீட்டுச் செலவோடு கலந்துவிடுகிறது. எது மன்றப் பணம், எது அம்மா அனுப்பியது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. கல்லூரிக் கணக்குக்கு நேராகப் பணம் போகும் வழியைப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். அது நடக்கவே நடக்காது என்றால், வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு சேமிப்புக் கணக்கை அவருக்கும் தெரிய வைத்துப் பயன்படுத்துங்கள், ஒவ்வொரு வாரமும் வரவு செலவை அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் கணக்கை எல்லா உறுப்பினருக்கும் காட்டுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

துறைத் தலைவர் அனுமதி தரமாட்டேன் என்கிறார். பேசிப் பார்த்தும் பயனில்லை.

எப்போது போய்ப் பேசினீர்கள்? பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்பு, அவர் வகுப்புக்குக் கிளம்பும்போது, வராந்தாவில் வழிமறித்திருப்பீர்கள். மறுப்பவர் எல்லோரும் மாணவர்களுக்கு எதிரி கிடையாது. ஏதாவது நடந்தால் முதல்வர் முன் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருடைய கவலையைக் குறைக்கும் கடிதத்தைக் கொண்டுபோங்கள்: என்ன நிகழ்ச்சி, எந்த அரங்கம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு முடியும், வெளியாட்கள் யார், செலவு எங்கிருந்து வருகிறது, ஓ.டி. (மன்ற வேலைக்காக வகுப்புக்கு வராததை வருகையாகக் கணக்கிடும் அனுமதி) யார் யாருக்கு வேண்டும். ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். மூன்று வாரம் முன்பே கொடுங்கள். பொறுப்பாசிரியரை முதலில் சம்மதிக்க வையுங்கள், அவரைத் தாண்டி மேலே போகாதீர்கள்.

அதன் பிறகும் மறுத்தால் "எது இருந்தால் சரி என்பீர்கள் சார்?" என்று கேளுங்கள். பலமுறை பதில் மிகச் சின்னதாக இருக்கும். ஐந்து மணிக்கு முடிக்கச் சொல்வார், அவ்வளவுதான்.

குழுவுக்குள் இரண்டு அணி ஆகிவிட்டது. என்ன செய்ய?

புரூஸ் டக்மன் என்ற உளவியலாளர் 1965-இல் குழுக்கள் வளரும் கட்டங்களை வரிசைப்படுத்தினார். ஒன்றுகூடுதல், மோதல், ஒழுங்குக்கு வருதல், பிறகு முழுவீச்சில் வேலை. மோதல் இரண்டாவது இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் குழு செப்டம்பரில் சண்டை போட்டால் உங்கள் தலைமை தோற்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

எதைப் பற்றிய சண்டை என்று பாருங்கள். சிம்போசியம் ஒரு நாளா இரண்டு நாளா என்பது போன்ற கருத்து வேறுபாடாக இருந்தால் நல்லது, அதை எல்லோர் முன்னிலையிலும் பேசி முடியுங்கள். ஹாஸ்டல் மாணவர்கள் ஒரு பக்கம், டே ஸ்காலர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்திருந்தால் உங்கள் கூட்ட நேரத்தைச் சந்தேகப்படுங்கள். கல்லூரி பஸ் நாலரைக்குக் கிளம்பினால் ஐந்து மணிக் கூட்டத்தில் எடுத்த முடிவு ஹாஸ்டல்காரர்களின் முடிவாகத்தான் இருக்கும். ஊர், சாதி, மொழிவழி என்று பிரிந்திருந்தால் அது இன்னும் கவலைக்குரியது. அப்போது நீங்கள் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேலையைக் கலந்து கொடுங்கள். பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதைவிட, இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவரை ஒரே வண்டியில் ஸ்பான்சர் தேட அனுப்புவது எனக்கு அதிகம் பலன் தந்தது. வெயிலில் பத்துக் கடை ஏறி இறங்கியவர்களுக்குள் பழைய கோபம் நிற்பதில்லை.

வாட்ஸப்பில் மட்டும் சண்டையைத் தீர்க்க முயலாதீர்கள். நேரில் வரச் சொல்லுங்கள்.

தலைவர் பதவி எப்போதும் ஒரு பையனுக்கு, இணைச் செயலாளர் ஒரு பெண்ணுக்கு. பெண்களுக்குக் கோலமும் வரவேற்பும்தான் மிஞ்சுகிறது. இதை எப்படி மாற்றுவது?

இந்தக் கேள்வியை மாணவிகள் மட்டுமே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மாணவர்களும் கேட்டிருக்க வேண்டும்.

வேலைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். வரவேற்புக் குழு, குத்துவிளக்கு, பன்னீர், சந்தனம், கோலம், இறைவணக்கம் இவற்றில் யார் பெயர்? நிதி, ஸ்பான்சர், ஒலி ஒளி, போக்குவரத்து, வெளியூர்க் கல்லூரிகளோடு பேசுவது இவற்றில் யார் பெயர்? பேரம் பேசவும் பணத்தைக் கணக்குப் பார்க்கவும் அந்நியரோடு பேசி நம்பவைக்கவும் கற்றுக்கொடுப்பது இரண்டாவது பட்டியல்தான். முதல் பட்டியலிலேயே மூன்று ஆண்டு நின்ற மாணவிக்கு அந்தப் பயிற்சி மறுக்கப்பட்டுவிட்டது. "அவர்களே வரவேற்பைத்தான் கேட்டார்கள்" என்று சொல்வார்கள். வேறு எதற்கும் அவர்களை யாரும் அழைத்ததில்லை என்பதும் உண்மை.

அடுத்தது நேரம். மகளிர் விடுதிக் கதவு பல கல்லூரிகளில் ஆறு, ஆறரைக்கு மூடிவிடும். ஏழு மணிக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து எடுக்கிற முடிவுகளில் பாதிக் குழு இல்லை. டீக்கடைப் பேச்சு நடக்கட்டும், அது மாணவ வாழ்க்கையின் இனிமையான பகுதி. முடிவுகளை மட்டும் மதிய உணவு இடைவேளைக்கு மாற்றுங்கள். விடுதி நேரத்தையே நீட்டிக்கக் கேட்பது அதைவிட நியாயமானது. நிகழ்ச்சிக்கு முந்தைய வாரத்துக்காவது அனுமதி கேட்டு, மாணவர்கள் மாணவிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வார்டனிடம் கொடுங்கள்.

பொறுப்புகளைச் சுழற்சியில் வையுங்கள். இந்த நிகழ்ச்சியில் ஸ்பான்சருக்குப் போனவர் அடுத்ததில் வரவேற்பு. பையன்கள் பன்னீர் தெளித்தால் யாருக்கும் குறை வந்துவிடாது.

குழுவில் ஒரு மாணவி, தன்னிடம் இன்னொரு உறுப்பினர் தவறாக நடந்ததாகச் சொன்னார். வெளியே தெரியாமல் பேசித் தீர்த்துவிடலாமா?

கூடாது. அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள், யாரிடமும் பரப்பாதீர்கள், நீங்களே விசாரிக்க இறங்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகளின்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர் தொடர்பான புகாரில் அந்தக் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருப்பார்கள். புகார் கொடுப்பதா என்பது அந்த மாணவியின் முடிவு. கொடுக்க விரும்பினால் துணைக்குப் போவது உங்கள் வேலை. மன்றத்தின் பெயர் கெடும் என்று அவரைத் தடுக்கிற தலைவர் அந்தப் பதவியில் இருக்கத் தகுந்தவர் இல்லை.

ராகிங்கும் அப்படியே. முதலாம் ஆண்டு மாணவர்களை மன்றத்தில் சேர்க்கும்போது 'ஜாலிக்காக' ஆடச் சொல்வதும் பாடச் சொல்வதும்கூட அவர்கள் விருப்பமில்லாமல் நடந்தால் ராகிங்தான். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங்கைத் தடைசெய்யும் சட்டம் இருக்கிறது. தேசிய உதவி எண் 1800-180-5522.

பொறுப்பாளர்களைத் தேர்தலில் தேர்ந்தெடுப்பதா, ஆசிரியர்கள் நியமிப்பதா?

நான் தேர்தல் பக்கம். நம் கல்லூரிகள் பலவற்றில் முதல் மார்க் எடுத்தவரைத் தலைவராகப் போட்டுவிடுகிறார்கள். வம்பில்லாத வழி என்பது புரிகிறது. ஆனால் மேலிருந்து வந்த பதவியில் இருப்பவர் மேலே பார்த்துக்கொண்டே இருப்பார், வகுப்பில் வாக்குக் கேட்டு வந்தவர் திரும்பிப் போய் வகுப்புக்குப் பதில் சொல்வார்.

வன்முறை, பணம், வெளி அரசியல் பற்றிய பயத்துக்கு ஏற்கெனவே ஒரு பதில் எழுதப்பட்டிருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு தந்த பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் உத்தரவிட்டது. வேட்பாளர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும். வேட்பாளருக்கு அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும். ஒருவர் பொறுப்பாளர் பதவிக்கு ஒருமுறைதான் போட்டியிடலாம். தேர்தல் வேலைகள் எல்லாம் பத்து நாளுக்குள் முடிய வேண்டும்.

அந்த 'ஒருமுறை' விதியை எனக்கு மிகவும் பிடிக்கும், அடுத்தவருக்கு இடம் கிடைக்கிறது. அரியர் விதியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஒரு பாடத்தில் தவறிய மாணவர் நல்ல தலைவராக இருக்க முடியும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

மாணவர்கள் தங்களுக்குள் தலைவர்களை உருவாக்கிக்கொண்டது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கல்லூரி மாணவர்கள்தான் முன்னின்று நடத்தினார்கள். அதில் மாணவத் தலைவராக இருந்த பெ. சீனிவாசன் 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியவர்களுக்கு ஒரே தலைவர் என்று யாரும் இல்லை. ஆனாலும் சாப்பாடு பகிர்ந்தார்கள், குப்பை அள்ளினார்கள், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள்.

என்.எஸ்.எஸ். முகாம் தலைமையும் துறை மன்றத் தலைமையும் ஒன்றா?

இரண்டிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முகாம் கற்றுக்கொடுப்பது இன்னும் ஆழமானது.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம்.

அந்த ஏழு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஐம்பது மாணவர்கள் தங்குகிறார்கள். முதல் நாள் காலை ஐந்து மணிக்கே தெரிந்துவிடும், கழிப்பறை போதாது, தண்ணீர் ஆறரைக்குத்தான் வரும். மாணவத் தலைவர் ஊராட்சித் தலைவரைப் போய்ப் பார்க்க வேண்டும். சமையலுக்கு யார், காய் நறுக்க யார், பாத்திரம் கழுவ யார் என்று தினமும் முறை போட வேண்டும். நகரத்தில் வளர்ந்து வீட்டில் தட்டைக்கூடக் கழுவாத மாணவரும், வயல்வேலை பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் மாணவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கருவேலம் வெட்டுவதில் இரண்டாமவர்தான் குரு. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவர் முகாமில் தலைவராகிவிடுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்ப்பேன். ஊர்க்காரர்கள் "இங்கே மரம் வேண்டாம், எங்களுக்குச் சாக்கடை அடைத்திருக்கிறது" என்பார்கள். நாம் போட்ட திட்டத்தை மடித்து வைத்துவிட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டும். அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு வேலை தொடங்குவதை நான் எந்தப் பட்டறையிலும் கற்கவில்லை, ஒரு சாக்கடை ஓரத்தில் கற்றேன்.

அமெரிக்காவில் 2006 முதல் பல கல்லூரிகளில் தொடர்ந்து நடக்கும் ஓர் ஆய்வும் இதே பக்கம் விரலை நீட்டுகிறது. மாணவர்களின் தலைமைத் திறனோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வருபவற்றில் முக்கியமானது, தங்களிடமிருந்து வேறுபட்ட பின்னணி உள்ள மாணவர்களோடு சமூக விஷயங்களைப் பேசுவது. சேவையும், வழிகாட்டும் ஒரு மூத்தவர் இருப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு. முகாமின் இரவில், வேலை முடிந்து, பள்ளி மைதானத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது இவை மூன்றும் ஒரே இடத்தில் நடக்கின்றன. அந்த நேரத்தில் போனைச் சேகரித்து வைத்துவிடுங்கள்.

தலைமைப் பயிற்சிப் பட்டறைகள் உதவுமா?

ஓரளவு. ஒருநாள் பட்டறையில் கேட்டது ஒரு வாரம் நிற்கும். செய்த வேலையைத் திரும்பிப் பார்ப்பதுதான் நிலைக்கும். நிகழ்ச்சி முடிந்த மறுநாள், களைப்பு தீராவிட்டாலும், குழு அரை மணி நேரம் உட்கார வேண்டும். என்ன நடக்கும் என்று நினைத்தோம், உண்மையில் என்ன நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவோம். இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 'யார் தவறு' என்ற பேச்சு எழுந்தால் தலைவர் தன் தவறை முதலில் சொல்லட்டும். அதன் பிறகு மற்றவர்கள் தாங்களாகவே சொல்வார்கள்.

இவ்வளவும் செய்தால் படிப்பு என்ன ஆகும்?

கவனமாக இல்லாவிட்டால் கெடும். ஓ.டி. கிடைத்தாலும் அந்த வகுப்பில் நடந்த பாடம் கிடைக்காது. நோட்ஸ் வாங்கித் தர ஒரு நண்பரை முன்பே பேசி வையுங்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் மன்றத்தில் எதுவும் நடக்காது என்று ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். உங்களுக்கு மட்டும் இல்லை, உங்களை நம்பி வந்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் அரியர் விழாமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

வேலை இன்டர்வியூவில் இதை எப்படிச் சொல்வது?

பதவிப் பெயரைச் சொல்லி நிறுத்தாதீர்கள். ஒரு சிக்கலைச் சொல்லுங்கள். சிறப்பு விருந்தினர் வர முடியாது என்று காலை எட்டு மணிக்குப் போன் செய்தார், அடுத்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் இன்னது செய்தோம் என்று சொன்னால் போதும். 'நாங்கள்' என்று சொல்லிவிட்டு, அதில் உங்கள் பங்கு எது என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள்.

பொறுப்பை அடுத்தவர்களிடம் எப்போது, எப்படி ஒப்படைப்பது?

ஏப்ரலில் பிரியாவிடைக்கு நடுவே சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அதனால் ஒவ்வொரு ஜூலையிலும் மன்றம் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ஜனவரியிலேயே இரண்டாம் ஆண்டு மாணவர்களில் நான்கைந்து பேரை உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பான்சரைப் பார்க்கப் போகும்போது ஒருவரை அழைத்துப் போங்கள். அலுவலகத்தில் பில் செட்டில் செய்யும்போது ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

ஒரு நோட்டு எழுதுங்கள். பந்தல்காரர், மைக் செட்காரர், போஸ்டர் அடிக்கும் அச்சகம், சாப்பாட்டுக்காரர் ஆகியோரின் எண்களும், யார் நேரத்துக்கு வருவார், யார் வரமாட்டார் என்ற குறிப்பும் இருக்கட்டும். எந்த மேசையில் எந்தக் கடிதம் எத்தனை நாள் தங்கும் என்று எழுதுங்கள். மன்றத்தின் இன்ஸ்டாகிராம், மெயில் கணக்குகளின் பாஸ்வேர்டைப் புதியவர்களிடம் ஒப்படைத்து, அதை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வேலைக்குப் போன சீனியரின் போனுக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருக்கும் மன்றக் கணக்குகள் எத்தனையோ.

மார்ச்சில் வரும் கடைசிச் சிறு நிகழ்ச்சியை முழுக்க ஜூனியர்களிடம் விடுங்கள். நீங்கள் பார்வையாளர் வரிசையில் பின்னால் உட்காருங்கள். மைக் கீச்சிடும், நாற்காலி பத்து குறையும், நன்றியுரையில் ஒரு பெயர் விட்டுப்போகும். எழுந்து ஓடாதீர்கள். யாராவது திரும்பிப் பார்த்து "அண்ணா, அக்கா" என்று கூப்பிட்டால் மட்டும் போங்கள்.